நிற்கத் தெரிந்த தோட்டா

அமெரிக்காவில் வயதுவந்தோரில் 32 சதவீதம் பேர் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், அவர்களில் 72 சதவீதம் பேர் தற்காப்பை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட கணக்கு இது. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனிதரின் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தும்விட்டது. ஆகவே நமக்கு அந்நியமாகத் தோன்றும் ஒரு கேள்வி அங்கே கோடிக்கணக்கான வீடுகளின் கேள்வியாக இருக்கிறது: அந்தத் துப்பாக்கியில் எந்தத் தோட்டாவைப் போடுவது? ஒரே 9 மி.மீ. துப்பாக்கிக்குப் பொருந்தும் பெட்டிகள் கடை அலமாரியில் வரிசை வரிசையாக இருக்கும். பயிற்சிக்கான 50 தோட்டாப் பெட்டி ஒரு பக்கம். அதைவிட விலை கூடிய, பெரும்பாலும் 20 தோட்டா மட்டுமே கொண்ட தற்காப்புப் பெட்டி இன்னொரு பக்கம். எது ஆளைச் சாய்க்கும் என்பதே வாங்க வருபவர் கேட்பது. விற்பவர் பதில் சொல்ல ஆசைப்படுவதும் அதற்குத்தான். அந்தக் கேள்வியே பிழையானது என்பது என் வாதம். சுட்ட குண்டு எங்கே போய் நிற்கும் என்று கேட்பவர்தான் சரியான பெட்டியை எடுப்பார்.

கைத்துப்பாக்கியின் வலிமை பற்றிச் சினிமா நம் மனத்தில் பதித்த படத்தை முதலில் அழிக்கவேண்டும். 9 மி.மீ. தோட்டாவின் தலையில் இருக்கும் குண்டு ஏறத்தாழ 8 கிராம் எடை கொண்டது. நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் அது குழாயை விட்டுக் கிளம்புகிறது. அதன் ஆற்றல் 500 ஜூல் அளவில் இருக்கும். ராணுவங்கள் பயன்படுத்தும் 5.56 மி.மீ. ரைஃபிள் குண்டுக்கு இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். சுடப்பட்டவர் காற்றில் எறியப்பட்டு விழுவது திரையில் மட்டுமே நடக்கும். குண்டு எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ அதே அளவு உந்தத்தைச் சுட்டவரின் கையும் வாங்குகிறது. சுட்டவர் நின்றுகொண்டிருக்கையில் எதிரில் இருப்பவர் மட்டும் தூக்கி வீசப்பட வழியில்லை. ரைஃபிள் குண்டு தன் வேகத்தால் சுற்றியுள்ள தசையைக் கிழியும் அளவுக்கு விரிக்கும். கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் தசை விரிந்தாலும் பெரும்பாலும் பழைய நிலைக்குச் சுருங்கிவிடும். அது கடந்து சென்ற பாதை மட்டுமே காயமாக மிஞ்சும். மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட்டால் ஒழிய, தாக்க வருபவரின் உடல் இரத்த இழப்பால்தான் ஓயவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். இதயமே செயலிழந்தாலும் 10 முதல் 15 நொடிகள் தன்னிச்சையாக இயங்குவதற்குத் தேவையான ஆக்சிஜன் மூளையில் இருக்கும் என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அறிக்கை ஒன்று சொல்கிறது. அந்த அறிக்கை எழுந்ததற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியின் புறநகர்ச் சாலை ஒன்றில், வங்கிக் கொள்ளையர் இருவரின் காரை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் மடக்கினார்கள். சண்டையின் தொடக்கத்திலேயே ஜெரி டோவ் என்ற அதிகாரி 9 மி.மீ. பிஸ்டலால் சுட்ட குண்டு, கொள்ளையர்களில் ஒருவனின் வலது மேற்கையைத் துளைத்து வெளிவந்து, மார்புக்குள் நுழைந்து, வலது நுரையீரலைச் சிதைத்தது. இதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்னால் அது நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம் என்றுதான் பின்னர் ஆராய்ந்த மருத்துவர் கருதினார். ஆனால் சில நிமிடங்கள் அவன் பிழைத்திருந்தான். ரைஃபிளோடு நகர்ந்து வந்து டோவையும் அவருடைய சக அதிகாரி பென் குரோகனையும் கொன்றான். மேலும் ஐந்து அதிகாரிகள் அந்தச் சண்டையில் காயமடைந்தார்கள். டோவ் சுட்டது முனையில் குழி உள்ள, எடை குறைந்த, உடலுக்குள் சட்டென்று விரியும்படி செய்யப்பட்ட குண்டு. அக்காலத்தில் சிறந்ததென்று பெயர் பெற்றது. அது விற்பனையாளர் சொன்னபடியே விரிந்தது. விரிந்ததால் விரைவிலேயே நின்றது.

குற்றத்தைக் குண்டின்மேல் போட்டுவிட்டு எஃப்.பி.ஐ. தன் திட்டமிடலின் குறைகளை மறைத்துக்கொண்டது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரைஃபிளோடு வரக்கூடியவர்களைப் பெரும்பாலும் கைத்துப்பாக்கிகளோடு எதிர்கொண்டது குண்டு செய்த தவறில்லை. ஆனாலும் அந்தத் துயரம் ஒரு பயனுள்ள ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தது என்பதை மறுக்க முடியாது. 1987இல் தன் பயிற்சிக் கழகம் இருக்கும் குவான்டிகோவில் காய ஆய்வு வல்லுநர்களை எஃப்.பி.ஐ. கூட்டியது. 1989இல் யூரி பேட்ரிக் என்ற அதிகாரி, நான் மேலே சொன்ன அறிக்கையை எழுதினார். அதுவரை குண்டின் தரத்தை ஆற்றல் கணக்கைக்கொண்டும், கடைவீதிக் கதைகளைக்கொண்டும் பேசிவந்தவர்கள், அதன்பிறகு ஊடுருவும் ஆழத்தை அளந்து பேச வேண்டியதாயிற்று.

அளப்பதற்கு ஒரு பொருளும் கிடைத்திருந்தது. அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர், சான் ஃபிரான்சிஸ்கோவில் தான் நடத்திய காய ஆய்வுக்கூடத்தில், 10 சதவீத ஜெலட்டின் கட்டியைத் தசைக்கு ஈடாக நிலைநிறுத்தினார். விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினை நீரில் கரைத்து, உறையவைத்து, 4 டிகிரி செல்சியஸில் வைத்துச் சுடுவார்கள். கட்டி சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க, நொடிக்கு ஏறத்தாழ 180 மீட்டர் வேகத்தில் ஒரு சிறு எஃகு மணியை முதலில் சுட்டு, அது சுமார் 8.5 செ.மீ. ஆழம் போகிறதா என்று அளப்பார்கள். இந்தக் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம் போகவேண்டும். 18 அங்குலத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இதுதான் எஃப்.பி.ஐ. வகுத்த அளவுகோல். மனித மார்பின் முன்பின் கனம் 12 அங்குலம் இல்லையே என்று கேட்கலாம். மயாமியில் நடந்ததே அதற்குப் பதில். தாக்க வருபவர் மார்பைக் காட்டிக்கொண்டு நேராக நிற்பதில்லை. பக்கவாட்டில் திரும்பியிருப்பார், குனிந்திருப்பார், கை குறுக்கே இருக்கும். கையைக் கடந்து, சாய்வாக நுழைந்து, உள்ளுறுப்பை எட்ட அந்த ஆழம் வேண்டியிருக்கிறது. ஜெலட்டினில் எலும்பு இல்லை, உடை இல்லை என்ற குறையும் சரிதான். அதற்காகத்தான் கட்டியின்மேல் கனத்த துணியைப் போர்த்தியும், ஒட்டுப்பலகை, ஜிப்சம் சுவர், தகரம், கார்க் கண்ணாடி ஆகியவற்றை முன்னால் வைத்தும் சுட்டுப் பார்க்கிறார்கள். வீட்டில் இருப்பவருக்குக் கார்க் கண்ணாடிச் சோதனை பெரிதாகத் தேவைப்படாது. துணிச் சோதனை கட்டாயம் தேவை. குழிக்குள் துணி அடைத்துக்கொண்டால் குண்டு விரியாமலே போகும்.

12 அங்குலம் என்ற கீழ்வரம்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு மேல்வரம்பும் அதே அளவு முக்கியம். பயிற்சிக்கு விற்கப்படும் மலிவான தோட்டாவில், காரீயக் குண்டைச் சுற்றி முழுக்கத் தாமிர உறை போட்டிருக்கும். உடலில் அது உருமாறாது. ஜெலட்டினில் இரண்டடி ஆழம் போகும். அதாவது ஒருவரைத் துளைத்து, பின்னால் நிற்கும் இன்னொருவரையும் காயப்படுத்தும் திறன் அதற்கு மிச்சமிருக்கும். நியூயார்க் நகரப் போலீஸ் முன்பு இந்த வகையைத்தான் பயன்படுத்தியது. 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் போலீஸ் சுட்ட இவ்வகைக் குண்டுகள் 15 வழிப்போக்கர்கள் மேல் பட்டன; அவர்களில் ஐந்து பேரைத் தாக்கியவை, வேறொருவரின் உடலைத் துளைத்துக்கொண்டு வந்த குண்டுகள். அதே நகரத்தில் சுரங்க ரயில்களைக் காவல் காத்த பிரிவு, குழிமுனைக் குண்டுக்கு முன்பே மாறியிருந்தது. அந்தப் பிரிவின் கணக்கில், ஒருவரைத் துளைத்து இன்னொருவரைத் தாக்கிய குண்டு ஒன்றுகூட இல்லை. 1998இல் மொத்தப் போலீஸ் துறைக்கும் குழிமுனைத் தோட்டா தருவதென்று நகரம் முடிவெடுத்தது. இதன் வேலை எளிது. முனையிலுள்ள குழிக்குள் உடலின் ஈரம் அழுத்தத்தோடு புகும். உறை இதழ் இதழாகப் பிளந்து, குண்டு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலமாகும். அந்த அகலமே அதற்குத் தடையாகி, உடலுக்குள்ளேயே நிறுத்திவிடும். மயாமியில் ஆழம் போதாமல் நின்ற குண்டும் இந்த இனம்தான். அதன்பிறகு வந்த ஆண்டுகளில், 12க்கும் 18க்கும் நடுவே நிற்கும்படி எடையையும் உறையையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில்தான் இன்றைய நம்பகமான தோட்டாக்கள் பிறந்தன.

இந்த இடத்தில் மனச்சாட்சியுள்ள எவருக்கும் ஓர் ஆட்சேபம் எழும். உடலுக்குள் விரியும் குண்டு, போரில் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடையின் வேர் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில், கேப்டன் பெர்ட்டி-க்ளே என்ற பிரிட்டிஷ் அதிகாரி, ரைஃபிள் குண்டின் முனையில் உறையை நீக்கிக் காரீயம் வெளித்தெரியும்படி செய்தார். வடமேற்கு எல்லைப்புறப் பழங்குடி வீரர்களைத் தடுத்து நிறுத்தப் பழைய குண்டு போதவில்லை என்பது பிரிட்டிஷார் சொன்ன காரணம். ஐரோப்பாவில் கண்டனம் எழுந்தது. 1899இல் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. பிரிட்டன் 1907இல்தான் அதை ஏற்றது. போரில் தடை செய்யப்பட்டதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? 2014இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தின் குழிமுனைத் தோட்டா விற்பனைத் தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றபோதும், இவை மற்றவற்றைவிடக் கொடியவை என்பதே நகரத்தின் வாதமாக இருந்தது. ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. ஹேக் பிரகடனம் மனத்தில் கொண்டது ரைஃபிள் குண்டை. அதன் பேராற்றலோடு விரிதலும் சேர்ந்தால் விளையும் சிதைவு கைத்துப்பாக்கியில் இல்லை. போர்க்களத்தில் ஒரு வீரன் சண்டையிட முடியாமல் போனாலே போதும். அதற்குமேல் துன்புறுத்துவது வீண் கொடுமை என்பது அந்தத் தடையின் அடிப்படை. அவனுக்குப் பின்னால் நிற்பவர்களும் பெரும்பாலும் ஆயுதம் ஏந்தியவர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பிலோ கடைத்தெருவிலோ பின்னால் இருப்பது பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். ஒரு தாக்குதலை நிறுத்தக் குறைவான தடவை சுடவைக்கும் குண்டு, சுடப்பட்டவரின் உயிருக்கும்கூடச் சற்று நல்லது. ஏனென்றால் ஒவ்வொரு கூடுதல் குண்டும் ஒரு கூடுதல் காயம். ஜெர்மனி உட்படப் பல நாடுகளின் போலீஸ் விரியும் குண்டுகளைப் பயன்படுத்துவது இந்தக் காரணங்களால்தான்.

அடுத்த ஆட்சேபம் அளவைப் பற்றியது. குண்டு பெரிதாக இருக்க இருக்க நல்லதுதானே? இந்த நம்பிக்கைக்கு நூறாண்டுக்கு மேல் வயது. பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்களை .38 ரிவால்வர் நிறுத்தவில்லை என்ற புகாரால், 1904இல் ஜான் தாம்சன், லூயி லகார்ட் என்ற இரு ராணுவ அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக் கூடத்தில் மாடுகளையும், தனியே பிணங்களையும் சுட்டுச் சோதித்தார்கள். .45 அங்குல அளவுக்குக் குறையக் கூடாது என்று எழுதினார்கள். 1911ஆம் ஆண்டின் புகழ்பெற்ற .45 பிஸ்டல் அந்த வழியில் வந்தது. அவர்களின் சோதனைமுறை இன்றைய கண்ணுக்கு மிகவும் தளர்வானது. மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ.யும் பெரியதைத்தான் நாடியது. முதலில் 10 மி.மீ. எடுத்தார்கள், அதன் உதை அதிகம் என்பதால் வேகத்தைக் குறைத்தார்கள், பிறகு 1990இல் வந்த .40 அளவுக்கு மாறினார்கள். கடைசியில் 2014இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவே, புதிய குழிமுனைத் தோட்டாக்களில் 9, .40, .45 என்ற மூன்று அளவுகளுக்கும் காயத்தில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்று எழுதி, 9 மி.மீ.க்குத் திரும்பச் சொன்னது. பெரும்பாலான அதிகாரிகள் 9 மி.மீ.யில் வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டார்கள் என்பது அதன் முக்கியக் காரணம். துப்பாக்கியில் கூடுதல் தோட்டாக்கள் அடங்கும் என்பது இன்னொன்று.

குறி என்பது எவ்வளவு பெரிய சிக்கல் என்று அறிய ராண்ட் நிறுவனம் 2008இல் நியூயார்க் போலீஸ் பற்றி வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். 1998 முதல் 2006 வரை, எதிராளி திருப்பிச் சுட்ட சம்பவங்களில் போலீஸ் சுட்டவற்றுள் 18 சதவீதம் மட்டுமே இலக்கில் பட்டது. எதிராளி சுடாதபோதும் 30 சதவீதம்தான். பயிற்சி பெற்றவர்களின் நிலை இது. நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுந்து, நடுங்கும் கையோடு நிற்கும் ஒரு குடும்பத் தலைவரோ தலைவியோ இதைவிட நன்றாகச் சுடுவார் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. அலமாரியின் முன் நின்று குண்டின் விட்டத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரை எண்ணிக்கொண்டிருப்பவர், ஐந்தில் நான்கு குண்டு எங்கே போகும் என்பதை எண்ணவில்லை. உடலில் படாத குண்டு விரிவதும் இல்லை, நிற்பதும் இல்லை. ஜிப்சம் பலகைச் சுவர்கள் கொண்ட அமெரிக்க வீட்டில், 12 அங்குலம் போகக்கூடிய எந்தக் குண்டும் அறைக்கு அறை கடந்து போகும். குழிமுனையும் விதிவிலக்கில்லை: குழியில் ஜிப்சம் அடைத்துக்கொண்டு, சாதாரணக் குண்டைப் போலவே போய்விடும். சுவரைத் துளைக்காது, ஆனால் ஆளை நிறுத்தும் என்று சொல்லி விற்கப்படும் தோட்டாக்களும் உண்டு. கிளேசர் போன்றவை மெல்லிய உறைக்குள் சிறு ஈயமணிகளை அடைத்தவை. அவை உடலில் ஆழம் போகாமல் மேலோட்டமாகவே சிதறிவிடுகின்றன. சுவரையோ அவையும் துளைக்கின்றன. எந்த வகை எடுத்தாலும், பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது என்ற விதி தளர்வதில்லை.

பெயரும் நிறமும் ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு புகழையும் பழியையும் தேடித்தரும் என்பதற்கு பிளாக் டேலன் நல்ல சாட்சி. வின்செஸ்டர் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த குழிமுனைத் தோட்டா அது. கருப்புப் பூச்சு, விரிந்ததும் கூர்மையாக நிற்கும் இதழ்கள், பருந்தின் நகத்தைச் சுட்டும் பெயர். 1993இல் சான் ஃபிரான்சிஸ்கோ அலுவலகக் கட்டடம் ஒன்றில் நடந்த படுகொலையை ஒட்டி இந்தப் பெயர் நாடெங்கும் பரவியது. கவசத்தைத் துளைக்கும் என்றெல்லாம் பேசப்பட்டது. அந்தப் பூச்சு குழாயில் உராய்வைக் குறைப்பதற்கு மட்டுமே. அந்த ஆண்டே பொது விற்பனையிலிருந்து நிறுவனம் அதை விலக்கிக்கொண்டது. பின்னர் ஏறக்குறைய அதே வடிவம், கருப்பில்லாமல், வேறு பெயரில் போலீஸ் துறைகளுக்குப் போனது, யாரும் திகைக்கவில்லை. பெட்டிமேல் இருக்கும் பெயரைப் பார்த்து வாங்குவதில் இன்னொரு கேடும் உண்டு. 2004இல் அரிசோனாவில் காட்டுப் பாதையில் நடந்த ஒரு துப்பாக்கிச்சூட்டில், தற்காப்புக்காகவே சுட்டேன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு எதிராக, அவருடைய 10 மி.மீ. துப்பாக்கியும் குழிமுனைத் தோட்டாவும் நடுவர்கள் முன் பேசுபொருளாயின. அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்து, 2009இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. குழிமுனையைத் தவிர்ப்பது இதற்குத் தீர்வாகாது. உள்ளூர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, போலீஸ் துறைகள் சோதித்துப் பயன்படுத்தும் சாதாரணத் தோட்டாவை வாங்குவதே நீதிமன்றத்திலும் எளிதில் விளக்கத்தக்கது.

வாங்கியதை அந்தத் துப்பாக்கியிலேயே சுட்டுப் பார்ப்பதும் அவசியம். குழிமுனையின் வடிவம் சில பிஸ்டல்களில் சிக்கிக்கொள்ளும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பத் துப்பாக்கியில் ஏற்றி இறக்கினால், குண்டு தோட்டாவின் கூட்டுக்குள் பின்னுக்குத் தள்ளப்பட்டு அழுத்தம் அபாயகரமாக ஏறலாம். இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழாய் கொண்ட குட்டை .38 ரிவால்வரில் வேகம் குறைவதால், பெரிய பிஸ்டலில் நன்றாக விரியும் வகைகள் விரியாமல் போவதுண்டு.

இத்தனைக்கும் அடியில் ஒரு பெரிய ஆட்சேபம் இருக்கிறது: எந்தத் தோட்டா நல்லது என்று விளக்குவதே வீட்டுத் துப்பாக்கியை நியாயப்படுத்துவதாகாதா? குண்டு எங்கே போய் நிற்கிறது என்ற என் கேள்வியை நேர்மையாகக் கடைசி வரை கொண்டுபோனால் இந்த ஆட்சேபத்துக்குப் பெரும்பங்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் ஏறத்தாழ 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வு, கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் தம்மைத் தாமே சுட்டு இறக்கும் வாய்ப்பு, வைத்திராத ஆண்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு என்று கண்டது; பெண்களுக்கு 35 மடங்கு. வெளியாளுக்கென்று வாங்கிய தோட்டா வீட்டாள் மேல் பாய்வதை எந்த வடிவமைப்பும் தடுக்காது. ஆனாலும், ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவரிடம் தோட்டாவைப் பற்றிப் பேசாமல் இருப்பதால் இந்த ஆபத்து குறையப்போவதில்லை. பேசும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பதுதான் என் முடிவு.

அமெரிக்காவில் துப்பாக்கி உள்ள வீட்டில் வாழும் வாசகர்களுக்கு, அல்லது அப்படிப்பட்ட உறவினர் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டகத்துக்கு ஆகும் செலவைத் தோட்டாவுக்கு முன்னால் செய்யுங்கள். சாவியோ குறியெண்ணோ பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம். வீட்டில் எவரேனும் மனமுடைந்திருப்பதாகத் தோன்றினால், அந்தக் காலம் கடக்கும்வரை துப்பாக்கியையும் தோட்டாக்களையும் சட்டப்படி வீட்டுக்கு வெளியே ஒப்படைத்து வையுங்கள். மன நெருக்கடியில் இருப்பவர்கள் அமெரிக்காவில் எந்த நேரமும் அழைக்கக்கூடிய உதவி எண் 988.